பந்தி கலைந்தபின்

மேசையில் இலை போடட்டுமா என்று கேட்டவர்களிடம், "நான் இன்னமும் சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுறேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டுக் கோயில் மண்டபத் தரையில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலத்துக்கு, பாயசம் வரும்போதே முழங்கால் மரத்துவிட்டது. தினமும் நடக்கிறார், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. கால் மட்டும் யாருடையதோ போல் கிடந்தது. பெண்வீட்டார் பார்க்கத் தரையில் கையூன்றி எழுவதா? எல்லோரும் போகட்டும் என்று மறுபடியும் மோர்ச்சோறு வாங்கினார். பந்தி கலைந்தது. பக்கத்து இலையில் பெண்ணின் அப்பா மாசிலாமணி மட்டும், மோர் சாப்பிட்ட வாயோடு திரும்ப ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுந்திரிங்க சம்பந்தி. எனக்காகக் காத்திருக்காதீங்க" என்றார் தணிகாசலம்.

"பரவாயில்ல, நிதானமா சாப்பிடுங்க. நான் இருக்கேன்."

அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் முண்டினார்கள். இலை எடுப்பவன் கூடையோடு வந்து, "ஆச்சுங்களா?" என்றான். இருவருக்கும் வலக்கை எச்சில். யாராவது இடக்கையால் எதையாவது நீட்டினாலே முகம் சுளிக்கும் தணிகாசலத்தின் பக்கம் மாசிலாமணியின் இடக்கை மெல்ல நீண்டது. அவரும் தன் இடக்கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தூக்குவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.