நாற்பதாவது தாள்

1933இல் ஊரையே பயமுறுத்திய ராட்சதக் குரங்குப் படத்தைக் கேலி செய்து, நியூயார்க்கில் எங்கள் ஸ்டுடியோ ஒரு கார்ட்டூன் எடுத்தது. கோபுரத்தில் நின்று கையாட்டும் குரங்குக்குக் கண்ணாடித் தாள்களில் வர்ணம் பூசுவது எங்கள் வேலை. கார்ட்டூன் வழக்கப்படி அதற்குக் கைக்கு நான்கே விரல்கள். ஐந்து வரைய நேரமாகும். தாளில் கறை படாதிருக்க நாங்கள் கையுறை போட்டிருப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் முந்தின நாள் பூசிய நாற்பதாவது தாளில் ஒரு கைத்தடம் இருந்தது.

"எவடி கையுறையைக் கழட்டினது? சீட்டைக் கிழிச்சிடுவேன்! எல்லாரும் கையை நீட்டுங்க!" என்று மேற்பார்வையாளர் திருமதி ஹொராக் கத்தினார்.

கையுறைகளைக் கழற்றி நீட்டினோம்.

பக்கத்து மேசை ஐரீன் தடத்திலிருந்த விரல்களை எண்ணினாள். "நாலு விரல்தான் இருக்கு மேடம். நாங்க எல்லாரும் அஞ்சோடதான் வேலைக்கு வர்றோம்."

திருமதி ஹொராக் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். நேற்றுவரை கையாட்டிக்கொண்டிருந்த குரங்கு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது.