அழுத ஒரே ஆள்

விளக்குகள் பளிச்சென்று எரிந்ததும் பிரிவியூ தியேட்டரில் எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். படம் தொடங்கிய பிறகு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த தயாரிப்பாளரின் மாமனார் மட்டும் இமைக்காமல் நேரே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா! என் ஷாட் பேசுது!" டைரக்டர் துள்ளினார்.

டைரக்டரின் முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள் கதாசிரியை. எழுந்து போகவும் வழியில்லை, தன் பெயரைப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லவும் வழியில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

அவள் எழுதியது சின்னக் காட்சி. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அம்மா; இருவரும் பேசுகிறார்கள். அவள் வீட்டிலேயே நடந்ததுதான்.

டைரக்டரின் கேமராவோ சாவித் துவாரத்தில் நுழைந்து, மின்விசிறியோடு நாலு சுற்றுச் சுற்றி, அம்மாவின் கண்ணீர்த் துளிக்குள் குதித்து வெளியே வந்தது. குரங்கு கையில் பூமாலை. அவளுக்கு ஆத்திரமும் வந்தது, தலையும் சுற்றியது.

முன் வரிசையில் இரண்டு விநியோகஸ்தர்கள் கேமராவைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். "ஆமா, கதவுக்குப் பின்னால இருந்தது யாரு? பொண்ணா, மருமகளா?" என்றார் ஒருவர். மற்றவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சார், கேமரா அசையாம எடுத்த ஷாட் ஒண்ணு எடிட்டர்கிட்ட இருக்கு. அதைப் போட்டாப் போதும்," என்று தயாரிப்பாளரிடம் கெஞ்சினாள் கதாசிரியை.

"அதெல்லாம் முடியாது! பெரியவர் அழறதைப் பாத்துமா இப்படிப் பேசுறீங்க?" டைரக்டர் சீறினார்.

தயாரிப்பாளர் தாடையைச் சொறிந்தார். "நாளைக்குப் படம் சென்சாருக்குப் போயாகணும். மாமா சொல்றதுதான் முடிவு. அவர்கிட்டயே கேளுங்க."

தொலைந்தது என்று நினைத்தாள் அவள். அழுதவரே சாட்சி, அப்புறம் எங்கே தப்பிப்பது?

டைரக்டர் ஓடிப்போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயா, எந்த இடத்துல அழுதீங்க? கேமரா சுத்திச்சே, அங்கதானே?"

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவைத் திறக்க வேணாம்மா, அங்கேயே கொஞ்சம் உக்காந்திருன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே... அதுல உடைஞ்சு போயிட்டேன்."

"சரிங்கய்யா. அந்தச் சுத்துற ஷாட்?"

பெரியவர் பக்கத்து இருக்கையைத் துழாவிக் கைத்தடியை எடுத்தார்.

"எனக்குத்தான் ரெண்டு கண்ணும் தெரியாதே, தம்பி!"