ஃபில்டர் இல்லாத தண்ணீர்

கீழ்வீட்டில், குழாயோடு இணைத்த ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஃபில்டர் மாற்ற வந்த மெக்கானிக்கை வாசலிலேயே மறித்தாள் வீட்டுக்காரம்மா கிரேஸ்மேரி.

"என் வீட்டுக் குழாயில எவனும் கை வைக்கக் கூடாது. கிளம்பு!"

அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் நர்ஸ் ஜெனிஃபா வெளியே வந்தாள். "ஆம்பூர் தண்ணி உப்புக் கரிக்குதுக்கா. பழைய ஃபில்டர் அடைச்சிக்கிச்சு."

"மாடியில நாங்களும் அதே தண்ணியத்தான் குடிக்கிறோம். செத்தா போய்ட்டோம்? பவிசு காட்டணும்னா வேற வீடு பாரு!"

ஜெனிஃபாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "சரி, நாங்களும் அதையே குடிச்சுக்கறோம்" என்று பழைய ஃபில்டரையும் கழற்றிப் போடச் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. ஜெனிஃபாவும் கணவன் ஆலனும் வழக்கம்போல வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து கத்தினாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? எம் புருஷனுக்கு வயிறு கெட்டுப் போச்சு. மொதல்ல ஃப்ரிட்ஜுக்குப் புது ஃபில்டர் போடு!"

"எங்க ஃப்ரிட்ஜுக்கும் அவர் வயித்துக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"தெனம் அதுல பாட்டில் பாட்டிலா பிடிக்கிற எனக்குத் தெரியாதா? இப்போ ஒரே உப்பு!"

"பூட்டின வீட்டுக்குள்ள எப்படிக்கா வந்து பிடிச்சீங்க?"

வீட்டுக்காரம்மாவின் கை, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை அவசரமாக மறைத்தது.