முதல்ல குளிரட்டும்

"என் தங்கச்சியைக் கொல்லப் பாக்கறீங்களா?"

மருத்துவக் கூடாரத்துக்குள் நுழைந்ததுமே அண்ணன் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ட காட்சி அப்படி. ஓடும்போது சுருண்டு விழுந்த பெண்ணை, போட்ட உடுப்போடு, ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள் கழுத்து வரை அமுக்கி வைத்திருந்தார்கள். அவளுக்குக் கண் செருகியிருந்தது. வாய் என்னென்னவோ உளறியது.

டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரைக் கையால் துழாவிவிட்டு, "இன்னும் ஐஸ் கொட்டுங்க" என்றார்.

"இன்னும் ஐஸா? வாசல்ல ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துவச்சிக்கிட்டு நிக்குது. நீங்க என்னடான்னா குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க."

"வெயில்ல ஓடி உடம்பு உள்ளுக்குள்ள கொதிக்குதுங்க. இப்படியே ஏத்தினா ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மூளை கெட்டுடும். முதல்ல குளிரட்டும். அப்புறம் ஏத்தலாம்."

"ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"குளிர வைக்கலேன்னாதான் ஆகும். தள்ளி நில்லுங்க."

தள்ளி நிற்க அவனால் முடியுமா? அவளுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக் கொடுத்ததிலிருந்து இன்றைய நெடுந்தூர ஓட்டம் வரை எல்லாம் அவன் கைவேலை. பயிற்சியாளரும் அவனே, அண்ணனும் அவனே. முடிவுக் கோட்டில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவன், கடைசி வளைவில் அவள் விழுந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, கூட்டத்தை முட்டி மோதி இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

தொட்டியின் தலைமாட்டில் ஒருத்தி மண்டியிட்டிருந்தாள். தோளைச் சுற்றி ஒரு பெரிய துண்டு. தங்கையின் அக்குளுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்து, முகம் தண்ணீரில் முங்காமல் தாங்கிப் பிடித்திருந்தாள். ஐஸ் தண்ணீரில் கை விறைத்து, அவளுக்கே பல் தந்தியடித்தது. யாரோ தொண்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"நீயாவது சொல்லக் கூடாதாம்மா? பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கியே."

"கையை எடுத்தா முங்கிடுவாங்கண்ணா" என்றாள் அவள்.

வெளியே முடிவுக் கோட்டில் கைதட்டல் கிளம்பியது.

"ஆச்சு, வாங்கிட்டா கப்பை" என்று பொருமினான் அண்ணன். "எல்லாம் அந்த நீல பனியன்காரியாலதான். ஆரம்பத்துலேருந்து நிழலாட்டம் ஒட்டிக்கிட்டே வந்து, விரட்டி விரட்டியே இவளைக் கவுத்துட்டா. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேற. ஒருத்தி விழுந்தாளேன்னு திரும்பிப் பாத்திருப்பாளா?"

தலைமாட்டில் இருந்தவள் பிடியை மட்டும் இறுக்கிக்கொண்டாள்.

"வழியில தண்ணி ஏதாவது குடிச்சாங்களா?" டாக்டரம்மா கேட்டார்.

அண்ணனுக்குச் சுருதி இறங்கியது. முடிவுக் கோட்டுக்குப் போகுமுன் அவன் நின்றிருந்த கடைசித் தண்ணீர் மேசையில் தங்கை கையை நீட்டியபோது, "நிக்காதே, அவ முந்திடுவா" என்று கத்தினவன் அவன்தான்.

"குடிச்சிருப்பா" என்றான் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மாவின் கண் வெப்பமானியைவிட்டு நகரவில்லை. இன்னொரு வாளி ஐஸ் கொட்டினார்கள். தங்கை உளறுவதையும் நிறுத்திவிட்டாள். அண்ணனுக்கு கப்பாவது ஒன்றாவது, கண்ணைத் திறந்தால் போதும் என்றிருந்தது.

"இறங்குது" என்றார் நர்ஸ்.

"இறங்கட்டும். இன்னும் கொஞ்சம்."

தொட்டிக்குள் ஒரு கால் உதறியது. பிறகு உடம்பே வெடவெடவென்று நடுங்கியது.

"அண்ணா… குளுருது."

அந்த ஒரு சொல்லுக்கு அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"இவர் யாருன்னு தெரியுதாம்மா?" டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

"எங்கண்ணன். ரொம்பக் கத்துவான்."

"மூளை நல்லாவே வேலை செய்யுது" என்றார் டாக்டரம்மா. கூடாரமே சிரித்துக் கைதட்டியது. "போதும், வெளியே எடுங்க. இப்ப ஆம்புலன்ஸ்ல ஏத்தலாம்."

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தங்கை கேட்டாள். "யாருண்ணா ஜெயிச்சது?"

"வேற யாரு? அந்த நீல பனியன்காரிதான்."

"இல்லண்ணா." தலைமாட்டில் இருந்தவள் மரத்துப்போன காலை ஊன்றி எழுந்தாள். தோளிலிருந்த துண்டு நழுவியது. உள்ளே நீல பனியன். இடுப்பில் செருகியிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நான் இன்னும் ஓடி முடிக்கலை."

அண்ணன் அந்தக் கண்ணாடியையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்க தங்கச்சிக்குப் பின்னாலதான் வந்துகிட்டிருந்தா. விழுந்ததும் அள்ளித் தூக்கிட்டு வந்தது இவதான்" என்றார் டாக்டரம்மா. "ஆள் இருக்கு, நீ போம்மான்னேன். பிடிச்ச கையை விட மாட்டேன்னுட்டா."

அதற்குள் அவள் கூடாரத்தைவிட்டு வெளியேறி, ஓட்டத்தை விட்ட இடமான அந்த வளைவை நோக்கி விந்தி விந்தி நடந்துகொண்டிருந்தாள். மற்ற ஓட்டக்காரர்கள் எல்லாரும் அவளைத் தாண்டி முடிவுக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். விஷயம் காதுக்குக் காது பரவி, தடுப்புக்கு இரண்டு பக்கமும் ஜனம் எழுந்து நின்று தட்டியது. கப்பு வாங்கினவளுக்குக்கூட அத்தனை கைதட்டல் இல்லை.

"போண்ணா" என்று தங்கை அவன் கையைத் தள்ளினாள்.

மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தடுப்பை ஒரே தாண்டாகத் தாண்டி, அண்ணன் அவள் பின்னால் ஓடினான்.

"நில்லும்மா. நின்னு ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு ஓடு. எவ முந்தினா என்ன?"