மேடில்லாத ரோடு

நெஞ்சு ஆபரேஷன் முடிந்து தேறிவந்த அண்ணன் மாதேஷ் தன்கூட வரட்டும் என்ற ஆசையில், "கொட்டச்சேடு வரைக்கும் மேடே இல்லீங்கண்ணா, சைக்கிள எடுங்க" என்று சித்தன் பொய் சொன்னான். பாதி வழியில் ஒரு மேடு உண்டு. அதில் மூச்சிரைத்து உட்கார்ந்த அண்ணன் எழவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து சித்தன் அதே ரோட்டில் சைக்கிளில் தனியாகப் போனான். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்த சில்வர் ஓக் மரம் வந்தது. மேடு வரவில்லை. இறங்கி, தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்தான். உருளவில்லை.

காப்பி பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏனுங்க, இங்க ஒரு மேடு இருந்துச்சே?" என்றான்.

"இந்த ரோட்டுல எப்பவுமே மேடு இல்லீங்களே."

சித்தன் மறுபடி ஏறவில்லை. சமதரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். "நொம்ப மேடுங்கண்ணா, எறங்கி மெதுவா வாங்க" என்று, அன்று சொல்லாததைச் சொல்லிக்கொண்டே போனான்.