அட்டையில் தமிழ்

காயம்பட்டவர் கையில் கட்டும் அட்டையில் இனி தமிழும் வரவேண்டும் என்று நட்பு நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்ததும், சூப்பர்வைசர் தமிழ்வாணன் ஆளனுப்பி ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிவரச் செய்துவிட்டார்.

ஊரப்பாக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியிலிருந்துதான் கட்டுத்துணி, குளுக்கோஸ் பாட்டில், கையுறை, அச்சடித்த இந்த அட்டை எல்லாம் பெட்டி பெட்டியாகப் போகின்றன. சண்டையில் மாட்டிக்கொண்ட நாட்டுக்கு நம் அரசாங்கம் செய்கிற உதவி. ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுத்து, ஏக தடபுடல்.

அட்டையின் அடியில் நான்கு வண்ணப் பட்டைகள் இருக்கும். பச்சை என்றால் ஆள் நடக்கிறார். மஞ்சள் என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். சிவப்பு என்றால் உடனே பார்க்கவேண்டும். கறுப்பு என்றால் பார்க்க ஒன்றுமில்லை.

இதுவரை அதில் அந்த நாட்டு மொழியும் ஆங்கிலமும்தான் இருந்தன.

"நம்ம தமிழு எங்க போய் நிக்குது பாத்தியாம்மா!"

ஜாய்ஸின் மேசையில் ஜாங்கிரியை வைத்துவிட்டுத் தமிழ்வாணன் அடுத்த மேசைக்குப் போனார். அந்த மனுஷன் இப்படிப் பல் தெரியச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. பேக்கிங் பெண்கள் கைகூடத் தட்டினார்கள்.

ஏன் தமிழ் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவள் ஜாய்ஸ். அவளுக்குத் தோன்றியது.

அவள் புருஷன் ஜான்சன் துபாயில் இருப்பதாகத்தான் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அப்படிச் சொல்லச் சொன்னது ஏஜென்ட். கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தவனை, கப்பல் கட்டுகிற வேலை என்று ஆசைகாட்டி, அட்டை கேட்ட அந்த நாட்டுக்குத்தான் அனுப்பியிருந்தான். சண்டை எங்கேயோ ஒரு மூலையில் நடக்கிறது, இவன் இருப்பது வேறு மூலை என்றும் சொன்னான். மூன்று மாதம் ஆகிறது.

கடைசியாகப் பேசியபோது ஜான்சன் சொன்னது இவ்வளவுதான்: "வெல்டிங்கெல்லாம் இல்ல ஜாய்ஸு, மண்ணு வெட்டிகினு கீறோம். யூனிபாரம், பூட்ஸு எல்லாம் குடுத்துக்கீறாங்க, நீ பேஜாராவாத."

அதற்குப்பிறகு பதினோரு நாளாக அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

ஜாய்ஸ் கம்ப்யூட்டரில் அட்டையைத் திறக்கப் பயந்து, ஜாங்கிரியை எடுத்து மேசை ஓரத்தில் தள்ளிவைத்தாள்.

பிறகு மனசைத் தேற்றிக்கொண்டாள். தமிழ் போட்டிருந்தால் நல்லதுதானே. ஜான்சனுக்கு ஆங்கிலத்தில் 'யெஸ் சார்' தாண்டி எதுவும் வராது. எங்கே வலிக்கிறது என்று தமிழில் எழுதிக் காட்டினால் கைவைத்துக் காட்டிவிடுவான்.

கர்த்தரே, சிவப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டாள். நாய் கடித்து ஊசி போட்டதற்கே ஊரைக் கூட்டியவன் அவன். அவனுக்கு இப்படி ஒரு வேண்டுதல் வைக்கிறோமே என்று அழுகை முட்டியது.

அட்டையைத் திறந்தாள்.

மேலே பெயர், ரத்த வகை, காயம் பட்ட இடம். பழைய இரண்டு மொழிகள்தான்.

பச்சையிலும் இரண்டுதான். மஞ்சளிலும் அப்படியே.

சிவப்பில் மேலும் கீழுமாக இரண்டு தடவை தேடினாள். தமிழைக் காணோம். தப்பான ஃபைலை அனுப்பிவிட்டார்கள் போல என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கறுப்புப் பட்டை திரைக்கு வெளியே இருந்தது. மெல்ல இறக்கினாள்.

அதில் இருந்தது. அந்த நாட்டிலேயே யாரோ தமிழில் அடித்து அனுப்பியிருந்தார்கள்.

'உடலைப் பெற்றுக்கொள்பவர் பெயர். உறவுமுறை. கையொப்பம்.'

பிழை எதுவும் இல்லை.