ஈரம் காயும்வரை

பழைய கிடங்கு ஒன்றில் தெருக்காரர்களே கூடித் தொடங்கிய கலைக்கூடம் இது. உயரத்துச் சன்னல் வழியே இறங்கும் வெயில், சுண்ணாம்பு வாளியில் பட்டு, ஏணியில் நிற்கும் பெயின்டரின் மோவாயில் அசைகிறது. கண்காட்சி முடிந்தால், வரைந்தவர் வீட்டாரே சுவரை வெள்ளையடித்து அடுத்தவருக்குத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் இந்தப் பெயின்டர்தான். இந்தச் சுவரில் வரைந்தவள் அவருடைய மகள்; அவள் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. படத்தில் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போகிறார்கள். அப்பா ஓட்டுகிறார், அம்மா பின்னால், நடுவில் நசுங்கி உட்கார்ந்த மகளின் முகம் மட்டும் எட்டிப் பார்க்கிறது. “இறங்குங்கண்ணே, இத நாங்க பாத்துக்கறோம்” என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். “ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமாம்மா?” என்கிறார் அவர், திரும்பாமல். பிரஷ் சர் சர்ரென்று இறங்கி, அந்த முகத்தையும் கடந்துவிடுகிறது. கீழே நிற்கும் அவர் மனைவி சுவரை ஒட்டிப் போய் உற்றுப் பார்க்கிறாள். “என்னங்க, அடிச்ச பிறகும் தெரியறாளே?” பெயின்டர் வாளிக்குள் பார்த்தபடி சொல்கிறார்: “ஈரமா இருக்கற வரைக்கும் தெரிவா. காயக் காயத்தான் சுண்ணாம்பு வெளுக்கும்.” மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருக்கிறது. மனைவி விடுவிடுவென்று நடந்து போய் அதை நிறுத்துகிறாள். இறக்கைகள் உடனே நிற்பதில்லை. அவை சுற்றி ஓயும்வரை சுவிட்சை அழுத்திப் பிடித்தபடியே நிற்கிறாள்.